தார் போடாத கரை

என் கணவர் மவுத்தான வருடம் நான் ரொட்டி சுட்டு விற்கத் தொடங்கினேன். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டிகளைக் கம்பளியில் சுற்றி, என் பிள்ளைகள் படுத்து வளர்ந்த பழைய தள்ளுவண்டியில் அடுக்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடை வரை தள்ளிக்கொண்டு போவேன். எங்கள் கரையின் ரோடு முழுக்கச் சரளைக்கல். சின்னக் கல் என்றால் வண்டி குலுங்கிக்கொண்டே ஏறி இறங்கிவிடும். கைப்பிடி அளவு கல் வந்தால் நின்றுவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியைத் தூக்கி வைப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வண்டி எங்கேயுமே நிற்கவில்லை. என்னடா இது என்று குனிந்து பார்த்தேன். ரோட்டின் ஓரமாக, என் தள்ளுவண்டியின் அகலத்துக்கு, பெரிய கல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு தடம் பாலம் வரை போயிருந்தது. வானத்து மலக்குகள்தான் இறங்கி வந்து பொறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே நின்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி அழுதேன். பிறகு ஒரு நாள் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பிப் போனபோது, கிழிந்த கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒரு மலக்கு எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தது.

"அண்ணே, இங்க என்ன பண்றீங்க?"

துஷேனாலி அண்ணன் நிமிர்ந்தார். கையிலிருந்த கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கல்லை ஆற்றில் வீசினார்.

"மீனை விரட்டுறேன்."

"எதுக்கு?"

"ரொம்பக் கூட்டம் சேர்ந்துடுச்சு, அனாரு."

அடுத்த கல்லைப் பொறுக்கக் குனிந்துவிட்டார்.  அல்லாஹ்வுக்கு நான் சொன்ன நன்றி வீணாகவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

துஷேனாலி அண்ணன் கிரேடர் ஓட்டியவர். ரோட்டை வழித்துச் சமன் செய்கிற மஞ்சள் வண்டி அது. கோக்சூ ஆற்றின் இடது கரையில், எங்கள் தெரெக்தி ஊரின் ரோடு அவர் பொறுப்பில் இருந்தது. அவருடைய வீடு ஊரின் கடைசி வீடு. அதைத் தாண்டினால் மலையடிவாரம். மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், துக்கம் கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அங்கே நிற்காமல் போனவர் பெயரை அண்ணன் மறக்கவே மாட்டார்.

பிறகு அரசாங்கம் எதிர்க் கரையில் தார் ரோடு போட்டது. ஒரே கோடையில் அத்தனை வண்டியும் அந்தப் பக்கம் போய்விட்டது. கிரேடரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இவருக்குப் பிரிவுப் பரிசாகப் பெரிய சமோவார் ஒன்று கொடுத்தார்கள். ஊருக்கே அதில் டீ போடலாம். குடிக்கத்தான் ஆள் இல்லை.

அவருடைய மனைவி சூயும்கான் அக்கா மட்டும் தினமும் காலையில் விரிப்பை விரித்து ரொட்டி, பாலாடை, ஜாம், சர்க்கரை எல்லாம் எடுத்து வைப்பாள். மாலையில் மடித்து வைப்பாள். விருந்தாளி கால் வைக்காத வீட்டில் பரக்கத், அல்லாஹ்வின் அருள், தங்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தொழுது முடித்துக் கையேந்தினால் அவர் கேட்பது அது ஒன்றுதான் என்று அக்கா சொல்வாள். "பணம் கேளுங்க, கால் வலி போகணும்னு கேளுங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. ஆள் வரணுமாம், ஆள்!"

போதாக்குறைக்கு அக்காவின் அண்ணன் சபார்பெக் நேர் எதிர்க் கரையில், சாரிபுலாக் ஊரில் இருந்தார். அவர் வாசலிலேயே தார் ரோடு. வீட்டை விடுதியாக்கி, வெளிநாட்டு எழுத்தில் பலகை மாட்டிவிட்டார். ஆறு அந்த இடத்தில் குறுகல் என்பதால் மச்சான் இருவரும் கரைக்குக் கரை கத்தித்தான் பேசிக்கொள்வார்கள்.

"மாப்ளே! இன்னிக்கு எத்தனை பேரு வந்தாங்க?"

"எண்ணிக்கிட்டே இருக்கேன் மச்சான்!"

"கழுதையை விட்டுட்டு எண்ணு!"

"அப்ப உன் பக்கம் பார்க்காம எண்ணணும்!"

அக்கா உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், தடித்த டயர் போட்ட சைக்கிளில் ஒரு பெண் வழி தவறி எங்கள் கரைக்கு வந்தாள். தலைநகரத்துப் பெண். பெயர் பேகிமாய். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்பெல்லாம் புழுதி. நான் அப்போது அண்ணன் வீட்டுக்கு ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன்.

"ஐயா, இந்த ரோட்டுக்குத் தார் போடலையா?" என்று கேட்டாள்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "போட்டுடுவாங்கம்மா. இந்த வருஷமே போட்டுடுவாங்க," என்று கூசாமல் பொய் சொன்னார்.

"ஐயோ! போட்டுடுவாங்களா?" அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "நானே இந்த மாதிரி சரளை ரோடு தேடித்தான் அலையறேன். எங்க பார்த்தாலும் கெடுத்து வெச்சிருக்காங்க."

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு போல. உள்ள கூட்டிட்டுப் போயி மோர் குடு," என்று காதோரம் சொன்னார்.

மோர் குடித்தும் அவள் அதையேதான் சொன்னாள். சரளைக்கல்லில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். காசு செலவு செய்து, விமானம் ஏறி, கல் குத்துகிற ரோட்டில் உட்கார்ந்து போக. சூயும்கான் அக்கா வாயில் கை வைத்தபடி, "அவங்க ஊர்ல கல்லே கிடையாதா, பாவம்," என்றாள். அண்ணன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். இத்தனை வருடமாக மச்சானுக்கு முன்னால் தலையைக் குனிய வைத்த ரோடு அது. அதைத்தான் ஒருத்தி கண் மூடி ருசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேகிமாய் ஒரு போட்டி நடத்தப் போவதாகச் சொன்னாள். "சபார்பெக்னு ஒருத்தர் அவர் கரைக்குக் கூப்பிடுறாரு. அங்கயும் தார் முடிஞ்சதும் மேல சரளைப் பாதை இருக்கு. ஆனா எனக்கு இந்தக் கரைதான் பிடிச்சிருக்கு. இந்த ஒரு வாட்டி இங்க நடத்திப் பார்க்கிறேன். எல்லாரும் வழி தப்பாம, நேரத்துக்கு வந்து சேர்ந்துட்டா வருஷா வருஷம் இங்கதான். இல்லன்னா அந்தக் கரை."

"வந்து சேருவாங்கம்மா. எங்க வந்து சேரணும்?"

"உங்க வீட்டு வாசல்லயே முடிச்சுக்கலாமே."

அண்ணன் எழுந்து வெளியே போனார். முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பாதை இப்படி. பாலத்தடியில் தொடங்கி, அடிவாரத்து மேட்டில் ஏறி, ஊற்றடியில் இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது பக்கம் திரும்பி, ஆற்றோரமாக இறங்கி, அண்ணன் வீட்டு வாசலில் முடியும். ஊற்றடியில் வலது பக்கம் போனால் மேய்ச்சல் நிலத்துக்கு ஏறிவிடும். அங்கே கம்பளிக் கூடாரங்கள்தான், அதற்கு மேல் வழி இல்லை.

"மொத்தம் எவ்வளவு தூரம் ஐயா?"

"மூணு டீ இருக்கும்."

"கிலோமீட்டர்ல?"

"அது யார் வீட்டு டீங்கறதைப் பொறுத்ததும்மா."

போனில் காட்டும் வரைபடத்தில் அந்த மேட்டுப் பாதையே இல்லை என்பதால், வழி காட்டுவதற்கு ஒரு பை நிறையச் சிவப்பு ரிப்பன் கொடுத்துவிட்டுப் போனாள். சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் செடியில் கட்ட வேண்டும்.

அண்ணனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பெண்குதிரையில் ஏறி, ஒரு கையில் கடிவாளமும் ஒரு கையில் விளிம்பு வரை டீ நிறைந்த கிண்ணமுமாகப் பாதையைச் சோதிக்கக் கிளம்பினார். டீ எங்கே சிந்துகிறதோ அங்கே இறங்கிக் கல் பொறுக்குவார். பாதி வழியில் தாகம் எடுத்து டீயைக் குடித்துவிட்டார். அதனால் மீதிப் பாதை மிகவும் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது.

ஊற்றடியில் இடது பக்கத்து முள்செடியில் அவர் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது, மேய்ச்சலிலிருந்து பால் கொண்டு வந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள்.

"எதுக்கு அண்ணே கட்றீங்க?"

போட்டி இந்தக் கரையில்தான் என்பது முந்திக்கொண்டு மச்சான் காதுக்குப் போனால் கெடுத்துவிடுவார் என்று அண்ணனுக்குப் பயம். இந்த முறை பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "நம்ம கரைக்கு ஒரு நல்லது நடக்கணும்னும்மா," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஊற்றோரச் செடியில் ஒரு துணி கட்டியிருந்தால் யாரோ அங்கே வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக மனசு வராது. அந்தப் பெண் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து, காணாமல்போன தன் மாட்டுக்காக ஒன்று கட்டினாள். மறுநாள் மாடு தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். மகன் பரீட்சையில் தேற வேண்டும் என்று ஒருத்தி, ருஷ்யாவுக்குப் போன கணவன் போன் செய்ய வேண்டும் என்று ஒருத்தி, மாமியார் ஊருக்குப் போக வேண்டும் என்று ஒருத்தி. மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறவர்கள்தானே எல்லோரும், அதனால் வலது பக்கம் ஏறுகிற வழியெல்லாம் செடிக்குச் செடி கட்டிக்கொண்டே போனார்கள். அண்ணன் கட்டியது சிவப்பு என்பதால் சிவப்புத்தான் சீக்கிரம் பலிக்கும் என்று பேச்சு. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் ஒருவரும் அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை இமாம் கொஞ்சம் கடுமையாகவே பேசினாராம். "செடிக்குத் துணி கட்டுறது நம்ம மார்க்கத்துல கிடையாது. கேக்குறதை அல்லாஹ்கிட்ட நேரா கேளுங்க." தொழ வந்தவர்களில் வேகமாகத் தலையாட்டியவர் துஷேனாலி அண்ணன்தான். அவர் அப்போது வேலிக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலும் மேசை செய்வதிலும் முழுகியிருந்தார். மேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போட்டி நாள் வந்தது. விடிந்ததும் பாலத்தடியிலிருந்து சைக்கிள்காரர்கள் கிளம்பினார்கள். அண்ணன் வீட்டு வாசலில் மேசை மேசையாக ரொட்டி, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுருண்டைகள், தேன், பாலாடை. சமோவார் கொதித்தது. என் அடுப்பில் சுட்டது முழுவதையும் அங்கேதான் கொண்டுபோய் அடுக்கியிருந்தேன். சபார்பெக்கும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு பாலம் தாண்டி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பேகிமாய் கையில் கடிகாரத்தோடு பாதையைப் பார்த்து நின்றாள். முதல் ஆள் வர வேண்டிய நேரம் வந்தது, போனது. ஒரு நாய் வந்தது.

"இவன்தான் முதலா மாப்ளே?" என்றார் சபார்பெக்.

"உன் விடுதியிலேர்ந்து பசியோட ஓடி வந்திருக்கான் மச்சான். ரொட்டி போடு."

வாய்தான் பேசியது. அண்ணனின் கை தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் குதிரையில் ஏறி மேட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அவரும் வரவில்லை.

மேலே நடந்ததைப் பின்னால் அவரே சொன்னார். ஊற்றடிக்குப் போனதும் கண்ணைக் கசக்கிப் பார்த்திருக்கிறார். இடது பக்கம் அவர் கட்டிய ஒரே ஒரு ரிப்பன். வலது பக்கம் மலை முழுக்கச் சிவப்பு. அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறார்கள். மேலே முதல் கூடாரத்துக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேர்க்க விறுவிறுக்க இத்தனை பேர் வாசலுக்கு வந்தால் ரொட்டி தொடாமல் விடுவார்களா? குதிரைப்பால் கொடுத்தார்கள். "நேரம் ஆச்சு, போகணும்" என்று கை காட்டியவர்களை, "பாவம், வெக்கப்படுறாங்க" என்று இன்னும் ஒரு கிண்ணம் குடிக்க வைத்தார்கள். அங்கிருந்து தப்பினவரை அடுத்த கூடாரத்தில் பிடித்தார்கள். முதலாவதாக வந்துகொண்டிருந்த நெட்டை ஜெர்மன்காரர் ஐந்தாவது கூடாரத்தில் ஆட்டுத் தோலின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்காக ஒரு ஆட்டையே அறுத்துவிட்டார்களாம். அவர்களைக் கூட்டி வரப் போன அண்ணனையும் விடவில்லை. "நீங்க மட்டும் சாப்பிடாம போனா எங்க மேல என்ன கோவம்?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

வெயில் சாய்ந்த பிறகு ஒரு ஊர்வலம் இறங்கி வந்தது. முன்னால் குதிரையில் அண்ணன். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு, எல்லோரும். ஒருவர் தலையில் ஹெல்மெட்டுக்குப் பதிலாகக் கம்பளித் தொப்பி. ஜெர்மன்காரர் தோளில் ஒரு ஆட்டுத் தொடை. மரியாதைக்குரிய விருந்தாளிக்குக் கொடுத்ததாம், மறுத்தால் தப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"முதல் பரிசு யாருக்குன்னு எழுதுறது?" பேகிமாய்க்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயா, இது போட்டி! விருந்து இல்ல!"

"ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சா என்னம்மா தப்பு?" என்றார் அண்ணன். 

எனக்கு மனசு தாங்காதது வேறு ஒன்று. இத்தனை வருடம் துஆ கேட்டு, கடைசியில் வாசல் நிறைய விருந்தாளிகள். ஒருவராலும் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். நகக்கண் அளவு ரொட்டி பிய்த்து வாயில் போட்டு, நன்றி என்று நெஞ்சைத் தொட்டார்கள். போர்சோக் மலை அப்படியே இருந்தது.

"அடுத்த வருஷம் அந்தக் கரைதான், ஐயா. நான் சொன்ன வார்த்தை அதுதானே," என்றாள் பேகிமாய்.

"சரிம்மா. சொன்னது சொன்னதுதான்."

சபார்பெக் முதலில் சிரித்தார். அப்புறம் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே ஒரு தட்டு போர்சோக்கை மடியில் வைத்துத் தின்று தீர்த்தார். அதைப் பார்த்துத்தான் அவரை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது.

அடுத்த கோடையில் போட்டி எதிர்க் கரையில் நடந்தது. சபார்பெக் வாசலில் வளைவு, பலகை, பாட்டுப்பெட்டி எல்லாம் இருந்தது. எங்கள் பக்கம் அன்று அண்ணன் சமோவாரை வெளியே எடுத்து வைத்துத் துடைத்தார்.

"யாருக்கு இது?" என்றாள் அக்கா.

"சமோவாருக்கும் காத்து வேணும்ல."

நான் ரொட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். பாலத்தின் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. அதே நெட்டை ஜெர்மன்காரர். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். அதற்குப் பின்னால் இன்னும் சிலர். தார் முடிகிற இடத்தில் மேலே ஏற வேண்டியவர்கள், பேசி வைத்துக்கொண்டு பாலத்தில் திரும்பிவிட்டார்கள். போட்டி போனால் போகட்டும் என்று வந்தவர்கள். ஜெர்மன்காரர் வயிற்றைத் தட்டிக் காட்டினார். காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லையாம், இங்கே வந்துதான் சாப்பிட வேண்டும் என்று.

ஆற்றுக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. "மாப்ளே! என் ஆளுங்களைத் திருப்பி அனுப்பு! இங்க ஒருத்தனும் வந்து சேரலை!"

"சாப்பிட்டுட்டு இருக்காங்க மச்சான்! நீயும் வா! பேகிமாயையும் கூட்டிட்டு வா!"

இரண்டு பேரும் வந்தார்கள். பேகிமாய் முறைத்துக்கொண்டே உட்கார்ந்து, முறைத்துக்கொண்டே நாலு கிண்ணம் டீ குடித்தாள். அண்ணன் சமோவாருக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

போட்டி அதற்கப்புறமும் அந்தக் கரையில்தான் நடந்தது. ஆனால் பனி உருகினதிலிருந்து மறுபடி விழும் வரை, ஒருவர் இருவராக எங்கள் கரைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணன் புழுதியில் குச்சியால் வழி கீறிக் காட்டுவார். அவர் காட்டிய எந்த வழியும் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் அவர் வீட்டைத் தாண்டிப் போகாது.

ஒரு வருடம் இலை உதிர்கிற காலத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சபார்பெக் காரை எடுத்து வந்தார். "மெதுவா ஓட்டு மச்சான், உனக்குத் தார் இல்லாத ரோடு பழக்கமில்ல," என்று அந்த நேரத்திலும் அண்ணன் சீண்டினார். அங்கே போய் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

அன்று நான் வழிக்கு ரொட்டி கட்டிக்கொண்டு ஓடினேன். அக்கா பின்சீட்டில் அவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். ரோட்டைப் பார்த்தார். 

"அனாரு, நாங்க இல்லாதப்ப யாராவது சைக்கிள்ல வந்தா கதவைத் திறந்து டீ போடு. அவசரமா போகணும்னு சொல்லுவாங்க. நம்பாதே."